அச்சாணியும் அறமும்

திருக்குறளில் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தைப் பயின்ற எவரும் அச்சாணி உவமையை மறந்திருக்க மாட்டார். உருவத்தாற் சிறியாரை இகழலாகாது என்று கூறவந்த வள்ளுவர், ஓடுகின்ற பெருந்தேரைத் தாங்கி நிற்கும் அச்சாணியைச் சான்றாகக் காட்டினார். தேர் போய் மோட்டார் வண்டி வந்த பின்னும் அவ்வுவமை பழுதுபடவில்லை. அச்சாணி இருந்த இடத்தில் இன்று நான்கோ ஐந்தோ நட்டுகள் இருக்கின்றன, அவ்வளவே வேறுபாடு. அந்த நட்டுகளை முடுக்குகின்ற கையைப் பற்றியும், அக்கை தவறும்போது நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் இம்மலரில் சில சொல்ல விழைகின்றோம். இலக்கிய மலரில் டயர்க்கடைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும், முதியோரை மருத்துவமனைக்கும் நாள்தோறும் ஏற்றிச் செல்லும் பொருளைப் பற்றிப் பேசுவது இலக்கியத்திற்குப் புறம்பாகாது என்பதே நம் விடை.

நாம் வாழும் ஷாதிபூர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர் நகரின் ஒரு பகுதி. மேடும் பள்ளமுமான தெருக்கள். ஆண்டின் பெரும்பகுதி பெய்யும் மழை. எப்பக்கம் திரும்பினும் உப்புக் காற்று. இரும்பு இங்கே விரைவில் துருப்பிடிக்கும். ரப்பரும் வெயிலிலும் ஈரத்திலும் மாறி மாறி வாடும். புதிய டயர் வேண்டுமெனில் அது சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கடல் கடந்து வரவேண்டும். நகரை விட்டு வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை திக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. இடையே ஜராவா பழங்குடியினரின் காப்பு வனம். அதனூடே செல்லும் வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து காவலர் துணையுடன் அணியாகவே செல்லவேண்டும். முந்துதலும் கூடாது, இடையில் நிறுத்துதலும் கூடாது. தாயகத்தின் நெடுஞ்சாலைகளில் ஒரு சக்கரம் பழுதுற்றால் அடுத்த ஊரில் ஒரு பங்க்சர் கடை இருக்கும். இங்கே அடுத்த ஊர் என்பதே நெடுந்தொலைவு.

டயருக்கும் தமிழர்க்கும் உள்ள உறவு கடைவாசலில் தொடங்குவதன்று. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற விதைகளினின்று எழுந்த ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். வண்டிகள் பெருகப் பெருகத் தோட்டங்களும் பெருகின. அத்தோட்டங்களில் பால் வெட்டக் கப்பலேறியோருள் பெருந்தொகையினர் தமிழர். 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய தொழிலே பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்னும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. நம் தீவுக் கூட்டத்திலும், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியதை நம்முள் எவரும் மறக்கவில்லை.

பால் வெட்டும் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. கத்தி பட்டையை மட்டுமே சீவ வேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் வளர்படையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் பட்டை சீராக வளராது. முடிச்சும் மேடுமாகி, மீண்டும் வெட்டுவதற்கு உதவாமற் போகும். ஆயின் அத்தவறு கண்ணுக்குத் தெரியும் தவறு. தோட்டத்தில் நடந்து செல்லும் எவரும் மரத்தைப் பார்த்தே வெட்டிய கையை அறிவர். அந்தப் பாலில் விளைந்த டயரைக் கடைசியில் வண்டியில் பூட்டுகின்ற கையின் தவறோ அவ்வாறன்று. அது சக்கர மூடியின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அது வெளிப்படும் இடம் கடையன்று, சாலை.

அண்மையில் நமக்கு நேர்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். ரங்கத்தில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. அதற்கு முதல் நாள் நகரில் ஒரு கடையில் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டிற்கும் புதிய டயர் மாற்றினோம். மறுநாள் விடியுமுன் முதியோரும் குழந்தைகளுமாக அறுவர் புறப்பட்டோம். ஃபெரார்கஞ்சைக் கடந்து சிறிது தொலைவில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கிற்று. இடப்புறம் ஏதோ தட்டும் ஒலி. நிறுத்திப் பார்த்தபோது இடச்சக்கரத்தின் நான்கு நட்டுகளுள் ஒன்றைக் காணோம். இரண்டு, விரலால் திருகினாலே சுழன்றன. மற்றொரு சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கடன் வாங்கலாமென்று வலப்புறம் சென்றால், அங்கே நட்டுகள் ஸ்பானரின்மேல் ஏறி நின்றாலும் அசையாதவாறு இறுகிக் கிடந்தன. ஒரே கடையில், ஒரே மணி நேரத்தில், ஒரே கை செய்த வேலை! அவ்வழி வந்த வங்காளி லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி, பின்சக்கரத்தினின்று ஒரு நட்டைக் கழற்றி முன்னே பூட்டி, மெல்ல ஓட்டிச் செல்லுமாறு இந்தியில் சொல்லிப் போனார். விழாவிற்குச் செல்லாமல் வீடு திரும்பினோம். இன்னும் அரைமணி நேரம் கடந்திருந்தால் நாம் நிறுத்தலாகாத காட்டினுள்ளே இருந்திருப்போம் என்னும் நினைவு அன்றிரவு எவரையும் உறங்கவிடவில்லை.

வீட்டில் இருவகை அறிவுரைகள் எழுந்தன. "நம்ம ஊர்க்காரர், விட்டுவிடுங்கள், இனி அந்தப் பக்கம் போகாமலிருந்தால் போதும்" என்றார் ஒருவர். "நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் நின்று கேட்க வேண்டும்" என்றார் மற்றொருவர். நாம் இரண்டையும் செய்யவில்லை. காலையில் கடை திறக்கும் வேளையில் வண்டியோடு தனியே சென்றோம்.

கடை உரிமையாளர் முதியவர், இராமநாதபுரத்துப் பக்கத்தவர். முதலில் அவர், "இங்க பூட்டுறப்போ சரியாத்தாங்க இருந்துச்சு. ராத்திரி யாராச்சும் கைவெச்சிருப்பாங்க" என்றார். நாம் மறுத்துரைக்கவில்லை. "அண்ணாச்சி, வலப்பக்கச் சக்கரத்தை மட்டும் நீங்களே கையால் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்" என்றோம். அவர் முயன்றார், இயலவில்லை. சிறிது நேரம் அந்தச் சக்கரத்தின் முன் குந்தியவாறே இருந்துவிட்டு, வேலைக்காரச் சிறுவனை அழைத்தார். இடச்சக்கரத்தில் நட்டுகளைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது வேறொரு வண்டிக்குக் கூப்பிட்டார்கள் என்றும், திரும்பி வந்து வலப்பக்கத்தைக் காற்றழுத்தக் கன்னால் இறுக்கியதாகவும், இடப்பக்கம் முடிந்துவிட்டதென்றே நினைத்ததாகவும் அவன் சொன்னான். சொல்லும்போதே அழுதான்.

பெரியவர் அவனை அடிக்கவில்லை. "அடிச்சா அடுத்த தடவை மறைச்சிடுவான்" என்றார் நம்மிடம். பின்னர், "நட்டுக்கும் கூலிக்கும் நான் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவேன். பிள்ளைங்க வண்டியில இருந்திருக்காங்களே, அதுக்கு என்னத்தக் குடுக்க?" என்றார். அன்று நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தார். இரும்புத் தட்டின் முகத்தில் துரு செதில் செதிலாக இருந்தது. அதைத் துடைக்காமலே சக்கரத்தைப் பூட்டியிருந்தார்கள். ஒரு போல்ட்டின் மரை தேய்ந்திருந்தது, மாற்றினார். அதன்பின் அக்கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. பூட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர். பார்த்த நட்டின்மேல் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு. கோடில்லாத வண்டி கடையை விட்டு வெளியேறுவதில்லை.

இந்நிகழ்ச்சியினால் நாம் கற்றவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது நம் கடமை. சக்கரத்தைப் பூட்டுவதற்கு முன், அது பொருந்தும் முகத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்தாரா என்று பாருங்கள். இடையில் சிக்கிய துரு பின்னர் உதிர்ந்தால், இறுக்கிய நட்டும் தளரும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, ஐந்தெனில் விண்மீன் வடிவில், சிறிது சிறிதாக இறுக்குதலே முறை. கன்னால் முடிவுவரை இறுக்குதல் கூடாது. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச் என்னும் அளவுக் கருவியால் அமைய வேண்டும். சிறிய கார்களுக்கு அது ஏறத்தாழ 80 முதல் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் உண்டு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை சரிபார்த்தல் நன்று.

டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருப்பின், வண்டி முன்னோக்கிச் செல்லும்போது சக்கரம் அத்திசையிலேயே சுழல வேண்டும். அங்கேயே நான்கு இலக்கங்களும் காணப்படும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். கப்பலில் வந்து கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்கைப் புதியதென வாங்காதிருக்க இது உதவும். பங்க்சர் ஒட்டுவோர் டியூபை மட்டும் ஒட்டிவிட்டு, டயரில் தைத்த ஆணியை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் விழுந்த துளையை ஒட்டித் தருகிறேன் என்பவரை நம்பலாகாது. அவ்விடம் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்வது, ஒட்டு நிலைக்காது.

இனி, நம் நடத்தையைப் பற்றி ஒரு சொல். தவறு கண்டவிடத்து நம்மவர் பெரும்பாலும் இரண்டிலொன்று செய்கின்றனர். முகத்துக்கு நேரே சொல்லாமல் சங்கத்திலும் கோயில் வாசலிலும் கடையைப் பற்றிப் பேசுவர். அல்லது கடை வாசலிலேயே கூச்சலிடுவர். முன்னதால் தவறு திருந்தாது. அடுத்து வரும் வண்டியிலும் அதே நட்டு தளரும். பின்னதால் கடைக்காரர் தம்மைக் காத்துக்கொள்ள முனைவாரேயன்றி, சக்கரத்தைப் பார்க்க மாட்டார். விரைந்து சென்று, பொருளையே காட்டி, அவர் கையாலேயே அவரைச் சோதிக்கச் செய்வது இவ்விரண்டினும் மேலானது. ரசீதை வைத்திருத்தலும், பழுதைப் படமெடுத்து வைத்தலும் பகைமையின் அடையாளங்கள் அல்ல.

அதற்கும் இணங்காதவர் இருப்பின் சட்டம் இருக்கிறது. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கூலி பெற்றுச் செய்யும் பணியில் குறைவு நேர்ந்தால் அதன் கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். காலவரை இரண்டாண்டு, கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதெனில் கட்டணமில்லை. வழக்குக்கு முன் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம். இவ்வழியை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஆயின் முதற்படியாகக் கொள்ளுதல் வேண்டா.

ஏனெனில் டயர்க்கடையில் கரிபடிந்த கையோடு நிற்கும் சிறுவன் பெரும்பாலும் நம் போன்ற ஒரு வீட்டின் பிள்ளை. பள்ளியை இடையில் விட்டுக் கப்பலேறியவன்; எவரும் அவனுக்கு முறையாகக் கற்பிக்கவில்லை; பார்த்துப் பழகியதே அவன் படிப்பு. மூன்று வண்டிகள் காத்துக் கிடக்க, நான்காவதற்கும் அவனையே அழைக்கின்றனர். இங்கே வாடிக்கையாளராகிய நமக்கும் ஒரு பங்குண்டு. "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு நட்டு பாதியில் நிற்கக்கூடும். பத்து நிமிடம் பொறுத்திருத்தலும், செம்மையாகச் செய்த வேலைக்குக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தலும் நம்மால் ஆகக்கூடியவை. தவறு செய்தவனை அஞ்சாமல் உண்மை சொல்ல வைத்த அந்தப் பெரியவர் வள்ளுவத்தைக் கற்றவரா என்பது நமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் நாளை நீங்கள் வண்டியை எந்தக் கடையில் விட்டாலும், புறப்படுமுன் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் ஒரு கணம் குனிந்து, நட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். குழந்தைகளும் உடனிருந்தால் அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.