சீரிஸ் பல்பு

பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, பிளக்கைச் செருகிப் பார்ப்பதுதான். அதை மட்டும் செய்யக் கூடாது. கொஸ்லந்தையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது.

கொஸ்லந்தை என்றதும் வெளியூர்க்காரருக்கு 2014 அக்டோபர் 29 அன்று மண்சரிவில் மண்ணுக்குள் போன மீரியபெத்தைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் வெல்லவாய வீதியோரம் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. நான் போனது ரேடியோவுக்காக. ஆசிரிய நண்பர் ஒருவரின் தகப்பனார் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டுப் பிலிப்ஸ் பெட்டி பல வருடமாகப் பேசவில்லை. அதைத் திருத்தும் சாக்கில் தொழிலையும் பழகலாம் என்று, எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரிடம் நண்பர் என்னைக் கூட்டிப்போனார்.

அவர் மேசையில் பலகைத் துண்டு ஒன்றில் பல்பு ஹோல்டரும் பிளக் பொயின்ட்டும் அறைந்து வைத்திருந்தார்; அதுதான் சீரிஸ் பலகை. ஹோல்டரில் 60 வாட் குமிழ் பல்பு. சுவரிலிருந்து வரும் கரண்ட் இந்தப் பல்பைக் கடந்துதான் ரேடியோவுக்குப் போகும். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியருக்குச் சற்று மேல்தான் விடும் என்பதால் டிரான்ஸ்போமர் தப்பிவிடும். பெட்டி நன்றாக இருந்தால் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து, வால்வுகள் சூடாக ஆக மங்கிப்போகும்.

“தம்பி, பொட்டிய பாக்காதீங்க, பல்ப பாருங்க. டிரான்ஸ்போமர் போச்சுன்னா எங்க போய் தேடுவீங்க?” என்றார்.

எங்கள் பெட்டிக்குப் பல்பு மங்கவே இல்லை. உடனே நிறுத்தினார். உயர் வோல்ட் பக்கத்துப் பெரிய கண்டென்சர் கெட்டிருந்தது. அதைத் தொடுமுன் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு முனைகளிலும் வைத்து, தேங்கிய மின்சாரத்தை வடித்தார். ஓடும் பெட்டியில் அங்கே 250 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். ஓடும் பெட்டிக்குள் கை வைக்கும்போது மற்றக் கை சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும் என்றார். இரண்டு கையும் உலோகத்தில் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும்.

அதை மாற்றிய பிறகு மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களுக்கு வந்தோம். அவற்றில் ஒன்றைத்தான் அவர் ‘கொலைகாரன்’ என்கிறார். கடைசி வால்வான ஈஎல்84இன் கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுபோகும் சின்னது அது. அதில் கசிவு ஏற்பட்டால் கிரிட்டுக்கு நேர் வோல்ட் ஏறி, வால்வு அளவுக்கு மீறி இழுத்துச் சிவந்து எரிந்துபோகும். ஒரு காலைக் கழற்றி, தொங்கும் முனையில் மீட்டரை வைக்கச் சொன்னார். முள் அசையவே கூடாது. நன்றாக அசைந்தது. புதியது ஒன்றை ஈயம் வைத்துப் பொருத்தியது நான்தான். ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) சுருள்களைச் சரிசெய்யும் வேலையை அவரே முடித்தார். அது காதின் வித்தை.

வால்வுகளின் பெயரைப் படிக்கவும் அவரிடம்தான் கற்றேன். முதல் எழுத்து ‘ஈ’ என்றால் இழைக்கு 6.3 வோல்ட், கரண்ட் உள்ள இடத்துக்கான பெட்டி. ‘டி’ என்றால் 1.4 வோல்ட், பற்றரிப் பெட்டி. தோட்டத்தில் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் கரண்ட் வந்த பிறகும் லயங்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கில் கிடந்தன. துரை வீட்டுப் பெட்டியில் ஈஎல்84. கரண்ட் இல்லாத வீட்டில் ரேடியோ வாங்க முடிந்தவருக்கு டிஎல்96, கூடவே 90 வோல்ட் பற்றரிக்கு அழ வேண்டிய காசு. ஒரு தோட்டத்தில் யார் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார் என்பதை வால்வின் முதல் எழுத்தே சொல்லிவிடுகிறது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் இலங்கை வானொலி லயத்துக் காம்பராவுக்குள் தாராளமாக நுழைந்தது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்காகத் தமிழ்நாடே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியிருந்த காலமும் ஏறக்குறைய அதுதான்.

எங்கள் மெக்கானிக்கும் லயத்தில் பிறந்தவர். 1970களில் இறக்குமதி கட்டுப்பட்டிருந்தபோது பண்டாரவளைக் கடையொன்றில் எடுபிடியாக நின்றார். புதிய பாகம் வராது. செத்த பெட்டியைப் பிரித்து உயிருள்ள பெட்டிக்குப் போட வேண்டும். கண்டென்சரைத் தூக்கி எறியுமுன் நூறு தடவை யோசிக்கும் பழக்கம் அங்கே வந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, கசெட் ரேடியோக்கள் குவிந்தன, அவருக்கும் வேலை குவிந்தது. இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு பெட்டி வந்தாலே அதிகம்.

பெட்டிகள் இல்லாமல் போகவில்லை, விலையாகிப் போகின்றன. தோட்டத்து வீடுகளில் நுழைந்து, ‘ஓடாத சாமான்தானே’ என்று பேசி அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்ததும் சேசிஸைக் கழற்றி வீசிவிட்டு, மரப்பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கரை வைத்து, உல்லாசப் பயணிகள் தங்கும் இடங்களுக்குப் பல மடங்கு விலைக்குத் தள்ளுகிறார்கள். இதை என்னால் வியாபாரம் என்று விட்டுவிட முடியவில்லை. கணக்கப்பிள்ளை பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பெட்டி அது. ஓடவைத்து விற்றால் வீட்டுக்காரருக்கு நாலு காசு கூடக் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் கூலி கிடைக்கும். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பேரும் தேவையில்லை. கொழுந்துக்கும் மரக்கறிக்கும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: பாடுபட்டவனிடம் விலை கேட்பதே இல்லை, விலை சொல்லப்படுகிறது. ஒரு பெட்டியை விற்கும் முன் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் பிலிப்ஸ் மூன்றாவது நாள் பேசியது. 60 வாட் பல்பில் மங்கியது, 100 வாட்டுக்கு மாற்றினார், அதிலும் மங்கியது. பிறகுதான் நேரே சுவரில் செருகினார். இருட்டிய பிறகு மீடியம் வேவில் முள்ளைத் திருப்பினால் தூத்துக்குடி, 1053 கிலோஹேர்ட்ஸ், தெளிவாக வந்தது.

கூலியாக அவர் கேட்டது பாகங்களின் விலைக்குக் கொஞ்சம் மேல். நண்பர் இரண்டு மடங்கு கொடுத்தார், மெக்கானிக் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழக வரும் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கத் தயார் என்கிறார். ஒரே நிபந்தனை, ஆளுக்கொரு சீரிஸ் பலகை தாங்களே செய்து வர வேண்டும். எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது, இழையுள்ள பல்புதான் வேண்டும். அவர் கடைக்கு முன்னால் இருக்கும் இரண்டு கடைகளிலும் கேட்டுப் பார்த்தேன், எல்.ஈ.டி. மட்டுமே இருந்தது. இப்போது பதுளைக்கு யார் போனாலும் குமிழ் பல்பு வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.