முறைத்தண்ணீர்

வன்னி மண்ணிலே பிறந்தவர்களுக்கு ‘முறை’ என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்வதாயின், குளத்திலுள்ள நீரைக் கணக்கிட்டு, கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்திலேயே விதைப்புக்குரிய ஏக்கர் தீர்மானிக்கப்படும். ஒருவருடைய முறையில் மற்றொருவர் மடையைத் திறத்தல் ஆகாது. இச்சொல்லின் வேறொரு பொருளை நான் கணினியின் முன்னமர்ந்தே கற்றுக்கொண்டேன்.

2018 டிசெம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது, சமூக ஊடகங்களில் எம்மவர் தமிழிலே எழுதிய பொதுப் பதிவுகளை ஆராய்வதே எனது இறுதியாண்டு ஆய்வு. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரதிசெய்தல் இயலாது. ஆதலால், ஒரு நிரல் இன்னொரு நிறுவனத்தின் களஞ்சியத்திலே தரவு கேட்பதற்கென அமைந்த ஏபிஐ என்னும் வாயிலை நாடினேன். சில நிமிடங்களிற் பதிவுகளுக்குப் பதிலாக 429 என்னும் எண் வந்தது. மீண்டும் கேட்டேன்; மீண்டும் அதுவே வந்தது. நிரல் பழுதென எண்ணி இரவு முழுவதும் அதனைத் திருத்தினேன்.

பழுது நிரலிலன்று, எனது அவசரத்திலே இருந்தது. 2012இல் இணைய நியமங்களிற் சேர்க்கப்பட்ட அவ்வெண், அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டோம் என்பதையே உணர்த்துகின்றது. ஒவ்வொரு கணக்குக்கும் குறித்த நேரத்துள் இத்தனை வேண்டுகைகள் என எல்லையுண்டு. உதாரணமாக, மஸ்ரொடொன் தளத்தில் வழமையான எல்லை 5 நிமிடத்துக்கு 300. அதாவது வினாடிக்கு ஒன்று. எஞ்சிய வேண்டுகைகள் எத்தனை, எண்ணிக்கை எப்போது புதுப்பிக்கப்படும் என்பனவும் மறுமொழியின் தலைப்பிலே வரும். நான் அவற்றை வாசிக்கவேயில்லை.

“இன்னொரு கணக்குத் திறந்தால் இரட்டிப்பாக எடுக்கலாமே” என்றார் நண்பரொருவர். இதனை வீட்டிலே சொன்னபோது அப்பா கேட்டார்: “இரவிலை மடை வெட்டுறவனும் உப்பிடித்தானே சொல்லுறவன். அப்ப, கடைசி வயல்காரன் என்ன செய்யிறது?”

எனக்கு மறுமொழி இல்லை. ஆயினும் இவ்வொப்புமை முழுமையானதன்று. குளத்து முறை கூட்டத்திலே பேசித் தீர்மானிக்கப்படுவது. இணையத்து முறையையோ உரிமையாளரே விதிக்கின்றார். 2021இல் ருவிற்றர் நிறுவனம் ஆய்வாளர்களுக்கென மாதத்துக்கு 1 கோடி பதிவுகள்வரை இலவசமாகப் பெறும் வசதியை அளித்தது. 2023இல் அவ்வசதி இல்லாதொழிந்தது. பெரிய வாய்க்கால் பணமுள்ளவனுக்கே என்றாயிற்று. வெள்ளத்தில் நின்று எம்மவர் எழுதிய சொற்கள் அக்குளங்களிலே கிடக்கின்றன. அவற்றின் முறையைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு எம்மை எவரும் அழைப்பதில்லை.

இரண்டாவது கணக்கை நான் திறக்கவில்லை. ஒவ்வொரு வேண்டுகைக்குப் பின்னும் காத்திருக்கும்படி நிரலிலே ஒரு வரி சேர்த்தேன். பெற்றவற்றைச் சேமித்து, ஒன்றையே இருமுறை கேளாதிருந்தேன். 11 இரவுகளில் வேண்டியவை சேர்ந்தன. எல்லையை மதித்தல் என் கடன். அவ்வெல்லையை விதிப்பவர் யார், எவர்பொருட்டு விதிக்கின்றார் என வினவுதலும் என் கடனேயாம்.