தோல்வியின் முதற் பாடம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடத்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க நூல் பற்றியோ திருமுறை பற்றியோ ஒரு கட்டுரையாதல் வேண்டும். யாம் எழுதப் புகுந்ததோ தொலைக்காட்சித் திரையில் ஆடப்படும் விளையாட்டுக்களைப் பற்றி. மூத்தோர் இதனைக் கண்டு நகைப்பர், இளையோர் வியப்பர். இரு சாராரும் முடிவுவரை பொறுத்தருள்க.

நிகழ்ந்தது இது. எமது உயர்தர வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். அறிவிற் குறைந்தவன் அல்லன். ஆயினும் அவன் எழுதிய கட்டுரையைத் திருத்தி, “மீண்டும் எழுதுக” என்று சிவப்பு மையாற் குறித்துக் கொடுத்தால், அது மீண்டும் எம்மிடம் வருவதில்லை. வினவினால் தலைகுனிந்து நிற்பான். ஒருநாள் இடைவேளையில் யாம் அவ்வழியே செல்லுங்கால், அவன் தன் நண்பனிடம், “நாப்பது தரம் செத்துத்தான் அவனை அடிச்சு விழுத்தினனான்” என்று பெருமிதத்தோடு கூறக் கேட்டுத் திடுக்குற்று நின்றோம். விசாரித்ததில், செத்ததும் அடித்ததும் விளையாட்டில் என்று தெளிந்தோம். திடுக்கம் நீங்கிற்று, வினா ஒன்று நெஞ்சில் நின்றுவிட்டது. ஒரு பகைவனிடம் நாற்பது முறை தோற்றும் நாற்பத்தோராம் முறை எழுந்து நிற்பவன், ஒரு கட்டுரையை இரண்டாம் முறை எழுத மறுப்பது ஏன்?

ஆசிரிய கலாசாலையில் யாம் கற்ற உளவியற் பாடங்களில் இதற்கு விடை காணப்படவில்லை. ஆதலின் யாமே ஆடிப் பார்ப்பது எனத் துணிந்தோம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த எம் மருமகன் விட்டுச்சென்ற பிளேஸ்டேஷன் 4 பொறி எம் வீட்டு அலுமாரியிற் கிடந்தது. கருவி உண்டு; காலமும் விடுமுறைக் காலம். எந்த விளையாட்டில் தொடங்குவது என்பதே கேள்வி.

இவ்வகை விளையாட்டுக்களின் வரலாற்றை அறியாதார் பொருட்டு ஈண்டுச் சிறிது கூறுதல் பொருந்தும். ஜப்பானிய நிறுவனமாகிய புரொம்சொப்ட்வெயார் 2009 ஆம் ஆண்டில் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்னும் விளையாட்டினை ஆக்கியது. அதனை நெறிப்படுத்தியவர் மியாசாகி ஹிதேதகா என்பவர். இத்துணைக் கடினமானதை யார் விரும்புவர் என்று எண்ணிப்போலும், ஜப்பானில் அதனை வெளியிட்ட சோனி நிறுவனம் மேலைநாடுகளில் வெளியிட முன்வரவில்லை, பிறரே வெளியிட்டனர். ஆயினும் அது பரவிற்று. 2011 இல் ‘டார்க் சோல்ஸ்’, 2015 இல் ‘பிளட்போர்ன்’, 2019 இல் ‘செகிரோ’, 2022 இல் ‘எல்டன் ரிங்’ என வழித்தோன்றல்கள் பல பிறந்தன. பிற நாட்டாரும் இவ்வழியில் ஆக்கலாயினர்.

இவற்றிற்குப் பொதுவான இலக்கணம் சில உள. ஆடுவோன் எளிதில் இறப்பான். இறந்தால், தான் இறுதியாக இளைப்பாறிய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்குவான். அவன் ஈட்டிய பொருள் அவன் வீழ்ந்த இடத்திற் கிடக்கும். அங்குச் சென்று மீட்பதற்குள் மீண்டும் இறப்பானாயின் அது முற்றாக அழியும். இளைப்பாறினால் உடல்நலம் நிரம்பும். ஆனால் அவன் வென்ற சிறு பகைவரும் உயிர்த்தெழுவர். வாளை வீசினும் கேடயத்தால் தடுப்பினும் உருண்டு தப்பினும் மூச்சுவலி குறையும். அது தீர்ந்தவன் நின்ற நிலையில் அடியுண்பான். விளையாட்டுக்கு விளையாட்டு இவற்றுட் சில மாறுபடும். ஆயினும் அவசரப்படுவோனைத் தண்டித்தல் எல்லாவற்றுக்கும் பொது.

நிற்க. யாம் அம்மாணவனை அழைத்து, “தம்பி, எதில் தொடங்குவது?” என்று கேட்டோம். அவன் முதலில் நம்பவில்லை. நம்பிய பின், “செகிரோவை மட்டும் முதல்ல தொடாதேங்கோ சேர், வெறுத்துப் போடும்” என்றான். அறிவுரை கேட்டது உண்மை, அதன்படி நடந்தோமில்லை. செகிரோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டது. 2019 ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு என விருதும் பெற்றது. வரலாறும் புகழும் உடைய ஒன்றே ஆசிரியன் கைக்கு ஏற்றது எனச் செருக்கு எம்மைத் தூண்டியது. ஒரு வட்டினைத் தேடி வாங்கினோம்.

அங்கே சங்கிலியாற் பிணிக்கப்பட்ட அரக்கன் ஒருவன் உளன். அருகணைந்ததும் சங்கிலியை அறுத்துப் பாய்வான். அவன் எம்மைத் தூக்கி எறிந்த முறைகளை எண்ணியிலோம். மூன்றிரவு முயன்றும் ஏன் தோற்கிறோம் என்பது எமக்கு விளங்கவில்லை. பின்னர் அறிந்தோம்: செகிரோவில் வேறு வழி மிகக் குறைவு. பொருளைச் செலவிட்டு வலிமையை வேண்டியவாறு பெருக்குதல் இயலாது. வாளை மாற்றுதல் இயலாது. துணைக்கு வேறொருவரை அழைத்தலும் இயலாது. பகைவனின் வாள் வரும் கணத்தில் எம் வாளை எதிர்நிறுத்தி அவன் நிலையைக் குலைத்தல் ஒன்றே வழி. அவ்வொன்று கைவந்தார்க்கு அது பேரின்பம். கைவராதார்க்குப் பூட்டிய கதவு. யாப்புக்கு ஒப்பிட்டால் செகிரோ வெண்பாவாம். தளை சிறிது தட்டினும் பா கெடும். எழுத்தறியத் தொடங்குவானுக்கு வெண்பா கற்பிப்பார் உண்டோ?

வட்டினை உறையிலிட்டு, “இது எமக்கு ஆகாது” என்று மாணவனிடம் கூறினோம். அவன் நகைக்கவில்லை. “உங்களில பிழையில்லை சேர். முதல்ல எடுக்கிற விளையாட்டு அதில்லை” என்றான். அச்சொல் எம்மை உறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு அணித்தாக ஆசிரியத் தொழில் செய்தோம். தோற்று நின்ற மாணவன் ஒருவனிடம், பிழை உன்னிடத்து இல்லை, யாம் முதலிற் கொடுத்த பாடத்திலே உள்ளது என்று ஒருமுறையேனும் கூறினோமா? நினைவில் இல்லை.

இம்முறை அவன் சொற்படி டார்க் சோல்ஸினை, 2018 இல் புதுக்கி வெளியிடப்பட்ட வடிவில், எடுத்தோம். தொடக்கத்தில் ஒரு சிறை. கையில் முறிந்த வாளின் பிடி. முதற் கூடத்திலேயே பேருருவப் பூதம் ஒன்று மேலிருந்து குதிக்கின்றது. பொருதோம், மாண்டோம். மறுமுறை சுற்றிப் பார்த்தபொழுது இடப்புறத்தில் ஒரு வாயில் திறந்திருக்கக் கண்டு ஓடினோம். ஆயுதமும் கேடயமும் கிடைத்தன. படிகளில் ஏறி வளைந்து சென்றால் அப்பூதத்தின் தலைக்கு மேலுள்ள மாடத்தை அடைகின்றோம். வீழ்ந்தவாறே வெட்டலாம் என்று தரையில் ஒரு குறிப்பு. அவ்வாறே குதித்துக் குத்தினோம். பூதத்தின் உயிரிற் பெரும்பகுதி ஒரே அடியிற் போயிற்று.

சிறை நீங்கியபின் வழிகள் பல பிரிகின்றன. நிலப்படம் இல்லை. யாம் கல்லறைப் பக்கம் சென்றோம். எலும்புக்கூடுகள் எம்மை ஓரிரண்டு அடியில் வீழ்த்தின. இரண்டு நாள் அங்கேயே மாண்டபின் மாணவனைக் கேட்டோம். “கல்லறைப் பக்கம் இப்ப போகேலாது சேர். மேல ஏறுற படியைப் பாருங்கோ” என்றான். படி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. இத்துணை வலிய பகைவர் தொடக்கத்திலேயே வருவராயின் வழி இதுவன்று என்பதே அத்தோல்வியின் பொருள். யாம் பொருளை உணராமல் முயற்சியை மட்டும் பெருக்கினோம்.

மதின்மேல் எருமைத்தலைப் பூதம் ஒன்று எதிர்ப்பட்டது. ஒடுங்கிய பாதை, ஒதுங்க இடமில்லை. பதினாறு முறை மாண்டோம். பதினேழாம் முறை ஏதோ நினைவு வந்து திரும்பிப் பார்த்தோம். நுழைவாயிலின் அருகே கோபுரத்தில் ஏணி ஒன்று. மேலே அம்பெய்யும் இருவரை முதலில் வீழ்த்தி, பூதத்தைக் கீழே வரவழைத்து, ஏணியேறிக் குதித்துக் குத்தினோம். இருமுறை குதித்தபின் எஞ்சியது சிறிதே. சிறைக்கூடத்திற் கற்பித்த பாடத்தையே மதின்மேல் வினாவாக அமைத்திருந்தனர்! முன் கற்றதைப் புதிய இடத்தில் எடுத்தாள்கின்றானா என்று சோதிப்பதே நல்ல வினாத்தாளின் இயல்பு. எம் கண்களில் நீர் துளித்தது என்று எழுத நாணுகின்றோம். ஆயினும் உண்மை அதுவே.

மற்றையவற்றையும் ஆடிப் பார்த்தோம். பிளட்போர்ன் அழகு மிக்கது. இருளடைந்த நகரம் ஒன்றில் விலங்காய் மாறிய மாந்தரை எதிர்ப்பது. அங்கே கேடயத்துக்குப் பயனில்லை. அடிபட்டவன் உடனே திருப்பி அடித்தால் இழந்த உயிரிற் சிறிது மீளும். ஆதலின் அது துணிவைக் கற்பிக்கும். ஆனால் காயமாற்றும் மருந்து தீர்ந்தால் தேடித் திரிதல் வேண்டும். பெரும்பகைவன் ஒருவனையேனும் காணும்வரை வலிமையைப் பெருக்கவும் இயலாது என்பதே பெரும்பாலார் அனுபவம். இளைத்தவனை மேலும் இளைக்கச் செய்யும் இம்முறை தொடக்கத்தார்க்கு நன்றன்று.

எல்டன் ரிங்கோ ஆசிரியப்பாவை ஒத்தது. எல்லை விரிந்தது, நெகிழ்ச்சி உடையது. தொடக்கத்திலேயே பொற்கவசக் குதிரைவீரன் ஒருவன் வழியில் உலாவுகின்றான். புதியோர் அவனிடம் சென்று மாள்வர். ஆனால் அவனைச் சுற்றிச் செல்லலாம். விரைவில் நமக்கும் குதிரை கிடைக்கும். தெற்கே சென்று வலிமை பெற்றுப் பின்னொருநாள் வந்து அவனை வெல்லலாம். துணைக்கு ஆவிகளை அழைக்கலாம். கடினமான இடங்கள் பலவற்றின் அருகிலேயே மீண்டெழும் தூண்கள் நடப்பட்டுள்ளன. தோற்றவன் வேறொரு திசையில் நடக்கலாம் என்பதே அதன் பெருங்கொடை. குறை, அதன் பரப்பே. நாட்கள் பல விழுங்கும்.

ஆகவே யாம் துணிந்த முடிபு இது. முதன்முறை ஆடுவோரிற் பலர்க்கும் எல்டன் ரிங் ஏற்றது. பொறுமையும் ஒழுங்காகக் கற்கும் விருப்பும் உடையார்க்கு டார்க் சோல்ஸ் சிறந்தது. யாம் அதனையே எமக்கு முதனூலாகக் கொண்டோம். பிளட்போர்ன் இரண்டாவதாகுக. செகிரோ பின்னர் வருக. புகழையும் விருதையும் நோக்கித் தேர்தல் வேண்டா. தோற்றபின், ‘ஏன் தோற்றோம்’ என்னும் வினாவுக்கு நீர் விடைகாணத்தக்கதாய் உள்ளது எதுவோ அதனைத் தேர்க. பெற்றோர்க்கு ஒரு சொல்: பிளட்போர்ன், செகிரோ, எல்டன் ரிங் ஆகியன அமெரிக்கத் தரப்படுத்தலிற் பதினேழு அகவை நிரம்பினார்க்கு உரியனவாக வகுக்கப்பட்டவை. குருதியும் கொடுமையும் மிக்கவை. கீழ்வகுப்புச் சிறுவர்க்கு இவை வேண்டா. பரீட்சைக் காலத்தில் எவர்க்கும் வேண்டா.

மியாசாகியைப் பற்றி இரண்டு செய்திகள் அறிந்து மகிழ்ந்தோம். இளமையில் வறுமை காரணமாக நூலகத்தில் நூல்களை இரவல் பெற்றுப் படித்தவர் அவர். தம் தகுதிக்கு மேற்பட்ட ஆங்கில நூல்களிற் பொருள் விளங்காத இடங்களைப் படங்களின் துணையோடு கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். மற்றொன்று: பனிபடர்ந்த மேட்டுப் பாதையில் ஊர்திகள் ஏறமாட்டாது வழுக்கி நின்றபொழுது, பின்னுள்ளவை முன்னுள்ளவற்றைத் தள்ளி ஒன்றை ஒன்று மேலேற்றின. உதவியவர்க்கு நன்றி கூறவும் நிற்க இயலவில்லை. அந்நினைவே, இணையத்தின் வழி முகமறியா ஒருவர்க்கொருவர் துணைபுரியும் முறைக்கு வித்தாயிற்று. முன்சென்றோர் தரையில் எழுதிவைக்கும் குறிப்புகள் பின்வருவோர்க்கு வழிகாட்டுகின்றன. பழைய மாணவர் சங்கத்தின் பணியும் இதுவன்றோ?

இனி எம் முதல் வினாவுக்கு வருவோம். நாற்பது முறை தோற்பவன் அங்கே எழுவது, ஒவ்வொரு தோல்வியும் அவனுக்கு ஒன்றைக் காட்டுவதனால். யாம் எழுதிய “மீண்டும் எழுதுக” எதனைக் காட்டிற்று? பூட்டிய கதவினை மட்டுமே. முன்னர் வேறொரு பாடசாலையிற் பணிபுரிந்த காலத்தும் இச்சொற்களையே எழுதினோம். அங்கே இருமுறை எழுதி, மூன்றாம் முறை வராமல், பள்ளியையே விட்டுச் சென்ற பிள்ளை ஒருவனை அறிவோம். இன்று தெருவில் எம்மைக் காணின் முச்சக்கர வண்டியை நிறுத்தி இறங்கி வணங்குகின்றான். அவ்வணக்கம் எமக்குச் சுமையாயிருக்கின்றது.

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கியதும் எம் மாணவனின் பழைய கட்டுரையை எடுத்தோம். இருபது பிழைகளைச் சிவப்பில் வட்டமிடாமல், ஒன்றனை மட்டும் குறித்தோம்: “இரண்டாம் பந்தியிற் கூறியதற்குச் சான்று ஒன்றுதானும் இல்லை. சான்று தேடுக. இத்தலைப்பு இப்பொழுது கடினமாயின் வேறொன்று எழுதிப் பின்னர் இதற்கு வருக.” அவன் வேறொன்று எழுதினான். இரண்டு வாரத்தின் பின் இதனையும் எழுதினான். பின்னர் யாம் கேளாமலே மூன்றாம் முறையும் எழுதி வந்தான். மூன்றாவதிலும் பிழை உண்டு. ஆனால் அது முதலாவதிற் கண்ட பிழை அன்று.

எம் கல்லூரியின் வாயிலால் இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேர் வென்று வெளியேறினர். அவர்தம் பெயர்கள் மண்டபச் சுவரில் உள. தோற்று வெளியேறினோர் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அத்தொகை இனிமேலாவது குறைவதாக. அதன் பொருட்டு எம்மைப் போன்ற ஆசிரியர் ஒரோவொருகால் மாணாக்கரிடம் தோற்றுக் கற்பாராக. கல்லூரி நீடு வாழ்க!