கடுகண்ணாவையில் ஆறி இருந்து ஒரு நடை

கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வருபவர்களுக்குக் கடுகண்ணாவை என்றால் வளைவும் ஏற்றமுந்தான். பழைய பாதைக்காகக் குடைந்த பாறையை இன்றும் பார்க்கலாம். வீதி அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் அவருக்கு எழுப்பிய கோபுரம் மேலே நிற்கிறது. எல்லோரும் இவற்றைத்தான் படம் எடுப்பார்கள். என் மனதில் நின்றது வீதியோரத்து அம்பலம்.

அம்பலம் என்றால் எங்கள் ஊர் மடந்தான். ஓட்டுக் கூரை, திறந்த பக்கங்கள், உட்கார இடம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வருமுன் இந்த ஏற்றத்தை நடந்தே கடந்தவர்கள் களை ஆறிய இடம். பருத்தித்துறைத் தெருமூடிமடமும், தலைச்சுமையை இறக்கி வைக்கும் எங்கள் சுமைதாங்கிக் கற்களும் இதே எண்ணத்தில் எழுந்தவையே.

வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து கண்டியில் மகளோடு இருக்கும், எழுபது வயது கடந்த அம்மா ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். ஊரில் கோயில், கிணற்றடி, தோட்டம் என்று நடந்து திரிந்தவர். இங்கே படலையைத் தாண்டுவதில்லை. முழங்கால் நோ என்றுதான் மகள் சொன்னார்.

பிரதான வீதியில் லொறிகள் உரசுவதுபோல் போயின. பத்தடி வைத்ததும் என் கையை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டார். அம்பலத்தில் சற்று இருந்தோம். பிறகு, 2014 டிசம்பரில் திறந்த புகையிரத நூதனசாலைக்குப் போனோம். வாகனப் பயமில்லாத சமதரை. பழைய எஞ்சின்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இடையிடையே இருந்து, முழுவதையும் சுற்றி வந்தார்.

"பிள்ளை, கால் நோகேல்லை. வழியில இருக்க இடமிருந்தா நான் நடப்பன்" என்றார்.

அறுபத்தைந்து கடந்தவர்களும் கிழமைக்கு 150 நிமிடமாவது நடைபோன்ற உடலசைவு செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, முதியோருக்கு உகந்த நகரில் நல்ல நடைபாதையும் வாங்குகளும் மலசலகூடமும் வேண்டும் என்கிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வழியில் மலசலகூடம் இல்லையென்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் அம்மாமாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வீதியை அகலமாக்க எங்களால் முடியாது. ஆனால் வேப்பமரத்தடியில் ஒரு வாங்கு போட மாதர் சங்கத்தால் முடியுந்தானே? அந்த மகளிடமும் இதையே சொன்னேன். கோயில் வழியில் பாதித் தூரத்தில் உள்ள கடைக்காரரிடம் கேட்டு, வாசலில் ஒரு கதிரை போட்டுவைத்தார்.

இரண்டு கிழமை கழித்துப் போனபோது அம்மா வீட்டில் இல்லை.

"கோயிலுக்குப் போயிட்டா அக்கா. இருங்கோ, வந்திடுவா" என்றார் மகள்.