வெள்ளை எது என்று கேமராவுக்கு யார் சொல்வது?

மதுரைப் பக்கம் ஒரு கிராமம். 2006 தை மாதம். அக்காவுக்குக் கல்யாணம். பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த தம்பியின் கையில் சித்தப்பா கொடுத்த நிக்கான் டி70. காசு கொடுத்துக் கூப்பிட்ட போட்டோகிராபர் மேடையைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்ற எல்லாம் நம்ம பொறுப்பு என்று கிளம்பிவிட்டான். (எல்லாக் கல்யாணத்திலும் இப்படி ஒருத்தன் உண்டு.)

முகூர்த்தம் 6 முதல் 7.30. ஐந்தரை மணிக்குப் பந்தலில் டியூப் லைட்டும் வீடியோக்காரரின் ஹாலோஜன் விளக்கும்தான் வெளிச்சம். எடுத்த முதல் நாலு படத்திலும் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை! பையன் விவரமானவன், மேனுவலைப் படித்திருந்தான். ஒயிட் பேலன்ஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி 'பிரி' என்று வரவழைத்தான். கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்திப் பிடித்தால் அந்த எழுத்து மின்னும். அப்போது ஒரு வெள்ளைப் பொருளைக் கட்டம் நிறையக் காட்டிச் சுட வேண்டும். 'குட்' வந்தால் கேமரா ஏற்றுக்கொண்டது. 'நோ ஜிடி' வந்தால் மறுபடி முதலிலிருந்து. (கேனான் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. முதலில் வெள்ளையைப் படமாக எடுத்துவிட்டு, மெனுவில் போய் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.)

வெள்ளைக்கு எங்கே போவது? பக்கத்தில் மாமா நின்றிருந்தார். "மாமா, கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று அவர் வேட்டியையே சுட்டான். நீலம் போட்டு வெளுத்த வேட்டி சுத்த வெள்ளை இல்லை, துளி நீலம் கலந்தது. அதை வெள்ளை என்று நம்பும் கேமரா படத்தில் துளி மஞ்சளைக் கூட்டும். சாம்பல் நிற அட்டை வைத்திருப்பவர்கள் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அது சின்னத் தப்புதான், கல்யாண வீட்டில் துளி மஞ்சள் யாரையும் உறுத்தாது. 'குட்' வந்தது. படங்கள் நன்றாகவே வந்தன. அக்காவின் அரக்குப் புடவை அரக்காகவே விழுந்தது.

அதைப் பார்த்துவிட்டுப் போட்டோகிராபர் அண்ணன் சொன்னார். "தம்பி, விடிஞ்சா வெள்ளை மாறிடும். மறுபடி எடுத்துக்கங்க." பையன் தலையாட்டினான்.

விடிந்ததை அவன் கவனிக்கவில்லை என்பதல்ல விஷயம். வெளிச்சத்தின் நிறம் மாறியதை நம் கண் நம்மிடம் சொல்வதே இல்லை. ஹாலோஜன் சுமார் 3200 கெல்வின், நல்ல வெயில் சுமார் 5500, வானம் தெளிவாக இருக்கும்போது நிழல் 7000ஐத் தாண்டும். எண் ஏற ஏற நீலம் கூடும். கண் இதையெல்லாம் கணக்குத் தீர்த்து வேட்டியை எங்கேயும் வெள்ளையாகவே காட்டிவிடும். கேமராவோ ஐந்தரை மணிக்குச் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஹாலோஜனின் மஞ்சளைச் சரிக்கட்ட நீலத்தைக் கூட்டச் சொல்லியிருந்தானே, வெயில் வந்த பிறகும் கூட்டிக்கொண்டே இருந்தது. ஆட்டோவில் விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக வந்திருக்கும் என்பதுதான் கொடுமை.

தாலி கட்டும்போது ஏழு மணி இருக்கும். அது முடிந்து, கூட்டத்தில் நிற்க முடியாமல் அப்பத்தா எதிர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவர். அன்று யாரோ என்னவோ சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். பையன் ஓடிப்போய் எடுத்தான். ஒரே ஒரு படம். திண்ணையில் நிழல். பின்னால் இருக்கிற 1.8 அங்குலத் திரையைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை, "டேய், ஐஸ் கட்டி வந்துருச்சா பாரு" என்று அதற்குள் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அப்பத்தா அடர் நீலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். ரா ஃபைலாக எடுத்திருந்தால் இரண்டு கிளிக்கில் சரியாகியிருக்கும், ஏனென்றால் அதில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான். கார்டில் இடம் பத்தாது என்று ஜேபெக் போட்டிருந்தான். ஜேபெக்கில் கேமரா முடிவு செய்தது செய்ததுதான். நீலம் உச்சத்தில் முட்டி நின்றது, சிவப்பு பெயருக்குத்தான் இருந்தது. சிவப்பை ஏற்றினால் முகமெல்லாம் திட்டுத் திட்டாக, அம்மை போட்ட மாதிரி.

வெளிச்சம் மாறுகிற இடத்திலெல்லாம் வெள்ளைத் தாளை யார் கையிலாவது கொடுத்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் போதும், சாயலையாவது பிறகு அதை வைத்துக் கொஞ்சம் திருத்தலாம். பத்து வினாடி வேலை. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் ஹாலோஜன் என்றால் எந்த செட்டிங்கும் முழுசாக சரிவராது. முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு வைத்துவிட்டு மற்றதை விட்டுவிட வேண்டியதுதான். இதெல்லாம் அவனுக்கு அப்புறம் அத்துப்படி ஆயிற்று.

படத்தைக் கடைசியில் கருப்பு வெள்ளையாக மாற்றினான். திட்டுகள் மறைந்தன, சிரிப்பு மிஞ்சியது. மூன்று வருடம் கழித்து அப்பத்தா போனபோது சட்டம் போட இருந்தது அந்த ஒரு படம்தான். வருகிறவர்கள் "ரொம்பப் பழைய படமோ?" என்று கேட்கிறார்கள். அன்று கட்டியிருந்த சுங்குடிப் புடவை மாம்பழ மஞ்சள் என்கிறார் அம்மா. இல்லவே இல்லை, இலைப் பச்சை என்கிறார் அத்தை.