யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?



போன வாரம் ஒரு பழைய மாணவி குழித்துறை வீட்டுக்கு வந்திருந்தாள். 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் வழியாக நம் பக்கத்து முகாமுக்கு வந்த குடும்பம். இப்போது கனடாவில் இருக்கிறாள். மறுநாள் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகப் போவதாகச் சொன்னாள். முப்பத்தைந்து வருடம் கழித்து, சின்னம்மாவைப் பார்க்க.

எட்டாம் வகுப்பில் அவள் கேட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். "சேர், இங்கயிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?" அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தோம். நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். சென்னையோ 620-க்கு மேல். வகுப்பே நம்பவில்லை. மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பாதி தூரம்தான்! ஆனால் அன்று போக வழியில்லை.

வழி முன்பு இருந்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தொடங்கிய முதல் சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். காங்கேசன்துறை என்றால் இன்றைய பலாலி. போர்க்காலத்தில் பலாலி ராணுவத்தின் கைக்குள் போயிற்று. 2019 நவம்பரில் சென்னை விமானம் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. திருச்சியிலிருந்து 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ போகிறது.

திருச்சி–பலாலி நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்கூட இல்லை. ஏ.டி.ஆர். என்ற விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் இருபத்திரண்டு நிமிடம். பயண நேரம் என்று போட்டிருப்பதோ ஒரு மணி. ஏன்? அந்த 500 மேலே ஏறிச் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். இந்தச் சின்ன தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, காற்றின் திசை பார்த்துச் சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நீண்ட பயணத்தில் இது தெரியாது. குறுகிய பயணத்தில் இதுதான் பெரும்பகுதி.

இதை அவளிடம் சொன்னேன். "சேர் இன்னும் மாறேல்ல" என்று சிரித்தாள். அவள் அம்மா இங்கேயே காலமானவர். ஒருமுறையாவது ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்குக் கார் பிடித்தாள். நம் ஊரிலிருந்து திருச்சிக்குச் சாலையில் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அன்று அட்லஸில் அளந்த தூரத்தைவிட அதிகம்!

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "சேர், ஏறினாப் பிறகு கச்சானும் தண்ணியும் தந்தினம். சாப்பிட்டு முடிக்கேல்ல, கடல் முடிஞ்சுது. சின்னம்மா என்னை அம்மாட பேர் சொல்லித்தான் கூப்பிடுறா."