16 கோடியும் ஒரு முகமும்

யூடியூபில் யாரோ தக்காளித் தொக்கு கிளறிக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் பிரிந்து வரும் நேரத்தில் படம் நின்று, மூக்கில் குழாய் சொருகிய ஒரு குழந்தை திரைக்கு வரும். பின்னணியில் வயலின் இழையும். பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தாய். டப்பிங் குரல் தமிழில் கெஞ்சும். மூலையில் 5, 4, 3 என்று எண் இறங்கும். ‘ஸ்கிப்’ பட்டன் வந்ததும் பெரும்பாலோரின் விரல் அங்கே போய்விடும். முதல் முறை மனசு உறுத்தும். பத்தாவது முறை, விளம்பரம் தொந்தரவு செய்கிறதே என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

பெற்றோர் சம்மதிக்காமல் அந்தப் படம் வந்திருக்காது என்று சொல்லலாம். சம்மதித்திருப்பார்கள்தான். ஐசியு வாசலில், அன்று சாயங்காலத்துக்குள் கட்ட வேண்டிய பில் கையில் இருக்கும்போது, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடாத தகப்பன் உண்டா?

குழந்தையின் படத்தைக் காட்டிப் பணம் கேட்கும் இந்தப் பழக்கத்தை இந்தியாவில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது எஸ்எம்ஏ என்கிற முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் பிழைத்திருக்கத் தேவையான புரதம் ஒரு மரபணுக் கோளாறால் போதுமான அளவு உருவாவதில்லை. குழந்தைக்குத் தலை நிற்காது. கால் உதைக்காது. போகப் போகப் பால் விழுங்கவும் மூச்சு இழுக்கவும் சிரமப்படும். கடுமையான முதல் வகையில், சிகிச்சை கிடைக்காத பெரும்பாலான குழந்தைகள் வென்டிலேட்டர் இல்லாமல் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 2019 மே மாதம் அமெரிக்காவில் ‘சோல்ஜென்ஸ்மா’ என்ற மரபணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வயதுக்குள் ஒரே ஒரு முறை ஏற்றினால் போதும். அன்றைய விலை 21 லட்சம் டாலருக்கு மேல். நம் பணத்தில் ஏறக்குறைய 16 கோடி ரூபாய்.

எந்தச் சம்பளக்காரர் வீட்டில் 16 கோடி இருக்கிறது? மும்பைத் தம்பதி ஒன்று இன்ஸ்டாகிராமில் குழந்தையின் பெயரில் பக்கம் தொடங்கி, 2021 தொடக்கத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் காட்டியது. மத்திய அரசும் 6 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வரியைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றுக்கும் நன்கொடையாகவே பணம் சேர்ந்தது. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று ஜிபேயில் போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய ஈரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பெற்றவர்களை அதைவிடவும் சொல்ல முடியாது.

ஆனால், இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. மருந்தைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் 2019 டிசம்பரில், அந்த மருந்து விற்பனைக்கு வராத நாடுகளின் குழந்தைகளுக்காக 100 டோஸ் வரை இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். உயிரைக் குலுக்கல் சீட்டில் வைப்பதா என்று உலகமே கோபப்பட்டது. அந்தக் குலுக்கலில்தான் கோவைக் குழந்தை ஒன்றுக்கு மருந்து கிடைத்தது. சமூக வலைதளத்தில் நடப்பதும் குலுக்கல்தான். அதற்கு மட்டும் யாரும் கோபப்படுவதில்லை. கம்பெனிக் குலுக்கலில் முகம் பார்க்கவில்லை. இங்கே முகம்தான் சீட்டு. குழந்தை கொழுகொழுவென்று சிரிக்க வேண்டும், அப்பாவுக்கு வீடியோ எடிட் செய்யத் தெரிந்த நண்பர் வேண்டும், சினிமாக்காரர் யாராவது ஒருவர் பகிர வேண்டும். ஸ்மார்ட்போனும் சரியாகப் பிடிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் சீட்டே இல்லை.

கேரளத்தில் 2021 ஜூலையில் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். வடக்கே ஒரு கிராமத்தில் ஒன்றரை வயதுப் பையனுக்கு எஸ்எம்ஏ. அவனுடைய அக்காவுக்கும் அதே நோய். பதின்வயதில் சக்கர நாற்காலியில் இருந்தாள். தான் படும் வேதனை தம்பிக்கு வரக்கூடாது என்று அவள் பேசிய பேச்சு வாட்ஸ்அப்பில் பரவியது. சில நாட்களிலேயே தேவையான 18 கோடி சேர்ந்துவிட்டது. கணக்கை முடித்தபோது 46 கோடிக்கு மேல் இருந்தது. மிஞ்சியதிலிருந்து வேறு குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பெண் பேசியதில் ஒரு கௌரவம் இருந்தது. என்ன நோய், என்ன வலி, எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்து, தன் வாயால் கேட்டாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயரில் “என்னைக் காப்பாத்துங்க அங்கிள்” என்று பெரியவர்கள் எழுதுவது வேறு சங்கதி.

அதே மாதம், அதே கேரளத்தில், அதே நோயுள்ள இன்னொரு குழந்தைக்கும் 16 கோடிக்கு மேல் திரண்டது. மருந்து வந்து சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. புனே அருகே ஒரு குழந்தைக்கு ஜூனில் மருந்தே ஏற்றினார்கள். ஆகஸ்டு பிறந்ததும் போய்விட்டது. ஊரறிய உயிருக்குப் போராடிய குழந்தையின் சாவும் ஊரறியத்தான் நடக்கிறது. பணம் போட்டவர்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் அந்தப் பெற்றோர் தலையில் விழுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கணக்கு நோட்டைப் பிரிக்கச் சொல்வது எவ்வளவு கொடுமை!

இந்த உணர்ச்சியைத் தொழிலாக்கியவர்களும் உண்டு. 2025 டிசம்பரில் பிபிசி வெளியிட்ட புலனாய்வு ஒன்றில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த தாய் ஒருவர் பேசுகிறார். புற்றுநோய் வந்த ஏழு வயது மகனுக்கு உதவுவதாக வந்தவர்கள், பையனுக்கு மொட்டையடிக்கச் சொன்னார்கள். கையில் போலியாக டிரிப் மாட்டினார்கள். அழ வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் வெங்காயத்தை நறுக்கி வைத்து, கண்ணுக்குக் கீழே மென்தால் தடவினார்கள். ‘படம் சரியாக ஓடவில்லை’ என்று தாயிடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவன் பெயரில் 27,000 டாலர் வசூலாகியிருந்தது. பையன் பிறகு இறந்துபோனான். நோயுள்ள குழந்தையையே நோயாளியாக நடிக்க வைத்த கதை இது.

பகிர்வதே தப்பு என்று இதையெல்லாம் வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்கக் கணினி விஞ்ஞானி மாட் மைட்டின் மகன் பெர்ட்ராண்டுக்கு வந்தது மருத்துவ உலகமே அதுவரை அறியாத மரபணு நோய். அவனை விட்டால் இன்னொரு நோயாளி இருப்பதாகவே தெரியவில்லை. 2012-ல் அவர் மகனின் அறிகுறிகளை விவரித்து இணையத்தில் நீண்ட கட்டுரை எழுதினார். கூகுளில் அதே அறிகுறிகளைத் தேடும் இன்னொரு பெற்றோர் கண்ணில் அது படவேண்டும் என்பதுதான் நோக்கம். பட்டது. வேறு நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன, ஆராய்ச்சி தொடங்கியது. பெர்ட்ராண்ட் 2020-ல் இறந்தான், ஆராய்ச்சி தொடர்கிறது. அந்தக் கட்டுரையில் பிறர் பிடித்துக்கொண்டது அறிகுறிகளை. அவன் முகம் எப்படியிருந்தாலும் அது வேலை செய்திருக்கும்.

சட்டம் இதில் ரொம்பப் பின்தங்கி நிற்கிறது. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது: குழந்தையின் படத்தைக் காப்பது தாய் தந்தை இருவருடைய பொறுப்பு; ஒருவர் விருப்பத்துக்கு மாறாக மற்றவர் வெளியிட்டால் நீதிபதி தடுக்கலாம். நம்மூர் 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பெற்றோரே வெளியிட்டால்? பிழைத்து எழுந்த பையன் பத்தாம் வகுப்பில் உட்காரும்போது, பின் பெஞ்சுக்காரன் அவன் பெயரைத் தட்டினால் டயப்பரோடும் குழாய்களோடும் கிடக்கும் படம்தான் முதலில் வரும். அதை வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததே இல்லை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பணம். தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி ஒரு நோயாளிக்கு அரசு தருவது அதிகபட்சம் 50 லட்சம். 16 கோடி எங்கே, 50 லட்சம் எங்கே? அந்த இடைவெளியைத்தான் குழந்தைகளின் படங்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நிரப்ப வேறு வழியும் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி: எஸ்எம்ஏவுக்குத் தினமும் வாய்வழி கொடுக்கும் ‘ரிஸ்டிப்லாம்’ மருந்து ஒரு பாட்டில் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. காப்புரிமை வழக்கில், அந்த மருந்தின் மலிவுப் பிரதியைத் தயாரிக்கும் நாட்கோ நிறுவனத்துக்குத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்த பிறகு, 2025 அக்டோபரில் அதே மருந்து 15,900 ரூபாய்க்கு வந்துவிட்டது.

அந்த இடைவெளி நிரம்பும்வரை உதவி கேட்டுச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த முறை ஒன்று வந்தால், ஃபார்வர்டு செய்யுமுன் தேதியைப் பாருங்கள். இறந்து பல வருடமான குழந்தைக்கு இன்னும் வசூல் நடப்பதுண்டு. மருத்துவமனைக்குப் போன் போட்டு விசாரியுங்கள். பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். மருத்துவரின் கடிதமும் தொகையும் மட்டும் இருந்து படம் இல்லாமல் ஒரு வேண்டுகோள் வந்தால், தயவுசெய்து அதற்கும் கொடுங்கள்.